ஜி20ல் தலைவர் கை குலுக்கினால் செவ்வாய்பேட்டைக்கு என்ன வரும்?

செவ்வாய்பேட்டை பட்டறை:

வணக்கம்ங்க. கட்சிச் சண்டைக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. சொன்னாலும் சண்டை வரும், அது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை, 2025 நவம்பர் 22, சாயங்காலம் சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஓரத்தில் டிவி. ஜோகன்னஸ்பர்க்கில் ஜி20 மாநாடு, பெரிய பொருளாதார நாடுகளின் தலைவர்கள் கூடுகிற கூட்டம். அமெரிக்கா வரமாட்டேன் என்று புறக்கணித்துவிட்டது, நம் பிரதமர் ஒவ்வொரு தலைவராகக் கை குலுக்கித் தோளில் தட்டிப் போய்க்கொண்டிருக்கிறார். எங்களிடம் இருபது வருஷத்துக்கு மேல் கொலுசு பற்றவைக்கிற அண்ணன் ஒருவர், குனிந்த தலை நிமிராமலே, "இவரு கை குடுத்தா நம்ம கூலி ஏறுமா முதலாளி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் பதில் எனக்குத் தெரியவில்லை என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

அவர் கேட்டது விளையாட்டில்லை. எங்களுக்குக் கூலி எடைக்கணக்கு. 2025 ஆரம்பத்தில் கிலோ ஒரு லட்சத்தை ஒட்டி இருந்த வெள்ளி இந்த நவம்பரில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. விலை ஏறினால் பட்டறைக்காரனுக்கு லாபம் என்று வெளியே நினைப்பார்கள். நடப்பது வேறு. பத்துப் பவுன் எடையில் கொலுசு கேட்டவர்கள் இப்போது ஆறு பவுனில் அதே டிசைன் கேட்கிறார்கள். கண்ணி அதே எண்ணிக்கை, சலங்கை அதே எண்ணிக்கை, பற்றவைக்கிற இடம் அதே. எடை மட்டும் குறைவு. வேலை அதேதான், கூலி பாதிக்குக் கொஞ்சம் மேலே.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஒரு நாட்டுத் தலைவர் அந்த மாதிரி மேடைகளில் உண்மையிலேயே என்ன செய்கிறார், அது சேலம் வரைக்கும் எந்த வழியாக வந்து சேர்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்கோவா:

2014க்கு முன்னால் இந்தியாவை யார் மதித்தார்கள்? டெல்லியில் 2023ல் ஜி20 நடந்ததே, பார்த்தீர்களா? ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக உள்ளே கொண்டுவந்தது யார்? அந்த மாநாடு நடந்த பாரத் மண்டபத்து வாசலில் நம் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்த நடராஜர் நிற்கிறார். இதற்கு மேல் தமிழனுக்கு என்ன வேண்டும்?

அம்மாபேட்டை தறி:

நடராஜர் நிற்கிறார், என் தறி ஓடவில்லை. மன்மோகன் சிங் ஜி20ல் பேசினால் உலகம் காது கொடுத்துக் கேட்கிறது என்று 2010ல் டொரண்டோவில் ஒபாமாவே சொன்னார். அவர் யார் தோளையும் தட்டவில்லை.

மல்கோவா:

உலகம் கேட்டது, சரி. அவர் கட்சிக்காரர்கள் கேட்டார்களா?

நிர்வாகி:

இரண்டு பேரும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அண்ணன் கேட்டது கூலியைப் பற்றி.

குரூப் டூ கனவு:

நான் சேலத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், நடப்பு நிகழ்வுகள் என்று தினமும் இதைத்தான் மனப்பாடம் செய்கிறோம். எந்த மாநாடு, எந்த ஊர், எத்தனையாவது. அதற்கு மேலே யாரும் கேட்பதில்லை, அதனால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்தது அண்ணா.

ஜி20 என்பதற்கு ஐ.நா. மாதிரி சாசனமோ நிரந்தரச் செயலகமோ கிடையாது. அது போடுகிற தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1999ல் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு நிதி அமைச்சர்கள் கூடுகிற இடமாகத் தொடங்கியது, 2008ல் அமெரிக்க வங்கிகள் விழுந்தபோதுதான் தலைவர்களே கூட ஆரம்பித்தார்கள், முதல் கூட்டம் வாஷிங்டனில் அந்த வருஷம் நவம்பரில். அதில் மன்மோகன் சிங் இருந்தார். அப்போது பேசியதற்கு உடனே வேலை இருந்தது, ஏனென்றால் வீடு எரிந்துகொண்டிருந்தது. மறு ஏப்ரலில் லண்டனில் கூடி ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நிதியத்துக்கும் மற்ற அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் கோடி டாலர் அளவுக்குப் பணம் ஏற்பாடு செய்ய ஒப்புக்கொண்டார்கள். இப்போது எரிகிற வீடு ஒன்றில்லை, ஆளுக்கொரு மூலையில் புகைகிறது, அதனால் கூட்டம் நடக்கிறது, அறிக்கை வருகிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

தலைவர்கள் வருவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி முடிந்திருக்கும். அதைச் செய்கிறவர்களுக்கு ஷெர்பா என்று பெயர், எவரெஸ்ட்டில் மூட்டை தூக்குகிற அதே ஷெர்பாதான். டெல்லி மாநாட்டு அறிக்கையில் உக்ரைன் போர் பற்றிய பத்தியை எப்படி எழுதுவது என்று கடைசி வரை இழுத்தது. அப்போது நமக்கு ஷெர்பாவாக இருந்த அமிதாப் காந்த், இருநூறு மணி நேரம் இடைவிடாமல் பேசி, 15 வரைவுகள் எழுதித்தான் ஒப்புதல் வந்தது என்று அவரே பதிவு போட்டார். நாம் டிவியில் பார்த்தது மாலை போடுகிற நேரம் மட்டும்.

இருபதாவது வளைவு:

மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன், உச்சியில் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவன் ஒருத்தன். எங்கள் மலையிலும் அதே வழக்கம்தான். :)

நான் ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறேன், சில்வர் ஓக் நிழல், மேலே மிளகுக் கொடி. டவுனில் இருப்பவர்களுக்கு உலகப் பொருளாதாரம் டிவியில் வரும், எங்களுக்குப் போன் மெசேஜில் வரும், நியூயார்க்கில் அராபிகா ரகக் காபி என்ன விலை என்று. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு எடை நாலு டாலரைத் தாண்டியது. காரணம் பிரேசிலில் வறட்சி. எங்கள் செடியில் ஒரு பூ கூடுதலாகப் பூக்கவில்லை. அப்புறம் ஆகஸ்டில் டிரம்ப் பிரேசில் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டார், அவர்கள் ஊரில் காபி விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்ததும் இந்த நவம்பர் 20ல் காபிக்கு அதை எடுத்துவிட்டார். எங்கோ இரண்டு பேர் மல்லுக்கட்டியதில் எங்கள் மூட்டை விலை மேலும் கீழும் போய் வந்தது. இதில் எந்த மேடையில் எந்தத் தலைவர் எனக்காகப் பேசினார்?

ஆனால் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் காடழிப்புச் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். காபி, கோகோ, ரப்பர், மரம், சோயா, பாமாயில், மாடு, இந்த ஏழும் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை வெட்டிப் போட்ட நிலத்தில் விளைந்ததில்லை என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். இந்தியக் காபியில் பெரும்பங்கு போவதே ஐரோப்பாவுக்கு, அதிலும் இத்தாலி, ஜெர்மனி. நிரூபிப்பது எப்படி என்றால் தோட்டம் இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. நாலு ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் ஒரு புள்ளி போதும், அதற்கு மேலே என்றால் எல்லை முழுவதும் சுற்றி வர வேண்டும்.

எனக்கு ஒரு புள்ளிதான். அந்த ஒரு புள்ளிக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. ஓக் மர நிழலில் போன் எங்கே நிற்கிறோம் என்பதையே பிடிக்கவில்லை. ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்தைக் காட்டியது, ஒரு தடவை ரோட்டைக் காட்டியது. கடைசியில் களத்துமேட்டில், பழம் காயப்போடுகிற சிமெண்ட் தரையில் வெயிலில் பத்து நிமிஷம் சிலை மாதிரி நின்ற பிறகுதான் விழுந்தது. என் பாட்டன் காலத்துச் செடிகள், ஏற்காட்டில் காபி வந்தே இருநூறு வருஷம் ஆகிறது, கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. காட்டை நான் அழிக்கவில்லை என்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும்.

குரூப் டூ கனவு:

அக்கா, ஜோகன்னஸ்பர்க்கில் பிரதமர் முன்வைத்த யோசனைகளில் ஒன்று, ஜி20 நாடுகளின் செயற்கைக்கோள் தகவல்களை வளரும் நாடுகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது. விவசாயம், மீன்பிடி, பேரிடர் இதற்கெல்லாம் என்று. உங்களுக்குத் தேவையானதுதானே?

இருபதாவது வளைவு:

அண்ணா இல்லாமல் அக்கா என்று சரியாகக் கண்டுபிடித்தாயே, சந்தோஷம். யோசனை நல்ல யோசனை. ஆனால் அது "முன்வைத்தார்" என்கிற இடத்தில் நிற்கிறது. எனக்கு "வந்துவிட்டது" என்று ஒரு நாள் மெசேஜ் வர வேண்டும். அந்த ஐரோப்பியச் சட்டத்தை ஒரு வருஷம் தள்ளினார்கள், இந்த 2025 நவம்பரில் இன்னொரு வருஷம் தள்ளப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இந்தியாவை ஆபத்து குறைந்த நாடுகள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தள்ளியதற்குக் காரணம் நம் தலைவர் பேச்சு மட்டுமில்லை. ஐரோப்பாவுக்குள்ளேயே மரக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் கத்தினார்கள். உள்ளூர்க்காரன் கத்தினால் அவனவன் அரசாங்கம் கேட்கிறது, இது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ரோலிங் மில் ஓய்வு:

நான் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சு இரும்புப் பக்கம் வரும் என்று காத்திருந்தேன்.

1970ல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டினார், 1981ல்தான் தகடு உருள ஆரம்பித்தது. அடிக்கல்லுக்கும் முதல் சுருளுக்கும் நடுவில் பதினோரு வருஷம். தலைவர் வந்து போவதற்கும் காரியம் நடப்பதற்கும் உள்ள தூரத்தை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன், அதனால் டிவியில் யார் கை குலுக்கினாலும் எனக்குப் படபடப்பு வருவதில்லை.

2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பா கார்பன் எல்லை வரியை முழுசாக நடைமுறைப்படுத்துகிறது. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள், இனி காசு. ஒரு டன் இரும்பு செய்ய எவ்வளவு கரிப்புகை விட்டாய் என்று சொல்ல வேண்டும், அதற்கேற்ப அங்கே வாங்குகிறவன் சான்றிதழ் வாங்க வேண்டும், அவன் அந்தக் காசை நம் விலையில் கழிப்பான். இதை எதிர்த்து இந்தியா எல்லா மேடையிலும் பேசியிருக்கிறது. 2025 ஜூலையில் ரியோவில் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா எல்லாம் இருக்கிற பிரிக்ஸ் நாடுகள் சேர்ந்து அறிக்கையிலேயே எழுதின. எழுதியது நல்லது. ஆனால் ஐரோப்பாக்காரன் பிரிக்ஸ் உறுப்பினன் இல்லை, அந்த அறிக்கையைப் படிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. படிவத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது.

இளம்பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, மேடை வேறு, பேரம் வேறு. மேடையில் எல்லோரும் ஒரே குடும்பம் என்பார்கள். பேரம் அடுத்த அறையில், இரண்டு நாட்டுக்காரர்கள் மட்டும், சுங்க அட்டவணையை வரி வரியாக விரித்து வைத்துக்கொண்டு நடக்கும். இங்கிலாந்தோடு 2025 ஜூலை 24ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் அப்படி வந்ததுதான்.

அம்மாபேட்டை தறி:

அமெரிக்கா நம் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 27லிருந்து ஐம்பது சதவீதம் வரி போட்டதே, அந்தப் பேரம் எந்த அறையில் நடக்கிறது? கட்டிப்பிடித்த கட்டிப்பிடிப்புக்கு ஐந்து சதவீதமாவது குறைக்கக் கூடாதா? என் மச்சான் கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதிக்குத் தைத்துக்கொண்டிருந்தான், இரண்டு மாசமாக வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.

மல்கோவா:

பாதி வரி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு. வாங்காமல் இருந்திருந்தால் பெட்ரோல் விலைக்கு நீங்கள்தான் முதலில் கத்தியிருப்பீர்கள். பணிந்து போகவில்லை பாருங்கள், அதுதான் தலைமை.

அம்மாபேட்டை தறி:

பணியாதது சரி, அதன் விலையை மச்சான் வீட்டில் வசூலிப்பது சரியா என்று கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள், 2018 ஜனவரியில் டாவோஸில் பிரதமர் ஹிந்தியில் பேசினார், 1997ல் தேவகௌடா போன பிறகு போன முதல் பிரதமர். உலகத்துக்கு மூன்று ஆபத்து என்றார், அதில் ஒன்று நாடுகள் கதவைச் சாத்திக்கொள்வது. கைதட்டினார்கள். பிப்ரவரி 1ல் நம் பட்ஜெட்டில் செல்போனுக்கு இறக்குமதி வரி 15லிருந்து 20 ஆனது. இன்னும் நிறையப் பொருளுக்கு ஏறியது. எந்தப் பேச்சை நம்புவது?

ரோலிங் மில் ஓய்வு:

இரண்டையும் நம்பாதீர்கள் தம்பி, இரண்டையும் படியுங்கள். வெளியே கதவைத் திற என்பது, உள்ளே தாழ்ப்பாள் போடுவது, இதை எல்லா நாட்டுத் தலைவரும் செய்கிறார்கள். செல்போனுக்கு வரி போட்டதால்தான் இங்கேயே தொழிற்சாலை வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. டாவோஸ் சுவிட்சர்லாந்தில் ஒரு தனியார் அமைப்பு நடத்துகிற சந்திப்பு, அங்கே முடிவு எதுவும் எடுப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் சம்பந்தம் பேசுகிற மாதிரி, ஆளைப் பார்த்து வைத்துக்கொள்வதற்குப் போகிறார்கள்.

வாழப்பாடி சொசைட்டி:

நான் ரெண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். தலைவர் போய் ஒன்றும் நடக்கவில்லை என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். ஒன்று நடந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2019 நவம்பர் 4, பாங்காக். ஆர்செப் என்று பதினாறு நாட்டு வர்த்தக ஒப்பந்தம், ஏழு வருஷமாகப் பேசி வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இந்தியா சேரவில்லை என்று பிரதமர் சொல்லிவிட்டார். சேர்ந்திருந்தால் நியூசிலாந்துப் பால் பவுடரும் சீனச் சரக்கும் வரி குறைந்து வந்திருக்கும். அதற்கு முன்னால் எங்கள் பக்கம் கூட்டம் போட்டார்கள், நானும் போனேன், நாடு முழுக்கப் பால்காரர்களும் விவசாயச் சங்கங்களும் எதிர்த்தார்கள், அவர் கட்சியோடு நெருக்கமான அமைப்புகளே எதிர்த்தன. மற்ற பதினைந்து நாடுகளும் 2020 நவம்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டன. பெரிய பெரிய பொருளாதாரம் படித்தவர்கள் நாம் தப்புப் பண்ணிவிட்டோம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது என் மாட்டுக் கணக்கு. தலைவர் போய்க் கை குலுக்காமல் வந்ததுதான் எனக்கு லாபம்.

குரூப் டூ கனவு:

இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம். வேறு யாரும் எடுக்க முடியாத முடிவு அது. அதிகாரிகள் ஏழு வருஷம் பேசிவிட்டார்கள், வரைவு தயார், கடைசியில் வேண்டாம் என்று சொல்ல ஒரு அதிகாரியால் முடியாது.

இதேபோல் இன்னொன்று, ரேஷன் அரிசி. 2013 டிசம்பரில் பாலியில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. அரசாங்கம் உணவு தானியம் வாங்கிச் சேமிப்பதற்குக் கொடுக்கிற ஆதரவு, அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதிலும் ஒப்பிட எடுக்கிற விலை 1986 முதல் 88 வரையிலான விலை! காங்கிரஸ் ஆட்சியில் ஆனந்த் சர்மா அங்கே பிடிவாதமாக நின்றார், இடைக்கால விலக்கு கிடைத்தது. 2014 ஜூலையில் புது அரசு வந்ததும் ஜெனீவாவில் இன்னும் ஒரு படி போய், உணவுச் சேமிப்புக்கு உறுதி சொல்லாமல், சுங்க நடைமுறையைச் சுலபமாக்குகிற வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டது. உலகம் முழுக்கத் திட்டினார்கள். நவம்பரில் அமெரிக்காவோடு பேசி, நிரந்தரத் தீர்வு வரும் வரை விலக்குக்குக் காலக்கெடு இல்லை என்று வாங்கினார்கள். இரண்டு கட்சி ஆட்சி, ஒரே நிலைப்பாடு. அதனால்தான் நம் ஊரில் இருபது கிலோ அரிசி இலவசமாக வருகிறது.

ரோலிங் மில் ஓய்வு:

நன்றாகச் சொன்னாய் அம்மா, ஒரு திருத்தம் மட்டும். ரேஷனில் இலவசமாகக் கொடுப்பதை அந்த விதி தடுக்கவில்லை. ஏழைக்குச் சும்மா கொடுத்தால் அவர்களுக்குக் கவலை இல்லை. விவசாயியிடம் அரசு அறிவித்த விலையில் நெல் வாங்குகிறோமே, அந்த விலைதான் கணக்கில் வரும். 2018-19க்கு அரிசியில் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டோம் என்று இந்தியாவே தெரிவித்து, பாலியில் வாங்கிய விலக்கைப் பயன்படுத்தியது. அப்படிப் பயன்படுத்திய முதல் நாடு நாம்தான். பரீட்சையில் இப்படிக் கேட்டால் மாட்டிக்கொள்வாய், அதற்காகச் சொன்னேன்.

குரூப் டூ கனவு:

நன்றி சார், நோட்டில் அடித்து எழுதிவிட்டேன்.

இருபதாவது வளைவு:

இடையில் ஒன்று. மன்மோகனா மோடியா என்று அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் 1991ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்நியச் செலாவணி மூன்று வார இறக்குமதிக்குத்தான் இருந்தது. முதலில் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது, அப்புறம் ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்தோம். ரிசர்வ் வங்கி ஆளுநர் நம் வெங்கிடரமணன். செவ்வாய்பேட்டைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவள் கடைக்காரனிடம் எந்தக் குரலில் பேசுவாள் என்று. அந்த வருஷம் எந்தச் சிங்கம் போய் நின்றிருந்தாலும் குரல் அப்படித்தான் வந்திருக்கும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வெளியே மரியாதை.

மல்கோவா:

இதை ஒப்புக்கொள்கிறேன். (முதல் தடவை.)

குரூப் டூ கனவு:

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது அக்கா. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடித்தான் ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டும் பிறந்தன. நாம் அப்போது அடிமை நாடு, குழுவுக்குத் தலைவர் வெள்ளைக்காரர் ஜெரமி ரைஸ்மன். ஆனால் குழுவில் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார், சி. டி. தேஷ்முக் இருந்தார். போருக்காக இந்தியாவிடம் சரக்கு வாங்கிவிட்டு பிரிட்டன் தன் ஸ்டெர்லிங் பவுண்டில் கடன் சொல்லி வைத்திருந்தது, அந்தக் கடனுக்கு வழி சொல்லுங்கள் என்று அந்த சபையிலேயே இவர்கள் கேட்டார்கள். கேட்டது நடக்கவில்லை, அது உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ள விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஐ.எம்.எஃப்.பில் 400 மில்லியன் டாலர் ஒதுக்கீடு வாங்கினார்கள், பங்குவரிசையில் ஆறாம் இடம். நாட்டுத் தலைவர் என்று ஒருவர் இல்லாத நாட்டுக்காக, நமக்குக் கடன்பட்டவன் முன்னாலேயே போய் நின்று கேட்ட மாதிரி. மூன்று வருஷத்தில் அதே செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார்.

ரோலிங் மில் ஓய்வு:

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கக் கூச்சம் கிடையாது.

செவ்வாய்பேட்டை பட்டறை:

இரண்டு நாளாகப் பட்டறையில் ஆர்டர் முடிக்கிற அவசரம், இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எல்லோருக்கும் நன்றி. படித்த பிறகு என் தொழில் பக்கத்தை நானே தோண்டிப் பார்த்தேன், கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஒன்றரை வருஷமாக எங்களுக்கு ஒரு குடைச்சல். நாங்கள் அடக்கவிலை போட்டுக் கொடுக்க முடியாத விலையில் வெள்ளி நகை மார்க்கெட்டுக்குள் வந்தது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், சரியாக இருக்கிறது, விலை மட்டும் ஒத்துவரவில்லை. யாரோ திருட்டுச் சரக்கு என்றார்கள். திருட்டே இல்லை. எல்லாம் சட்டப்படி. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளோடு நமக்கு ஒப்பந்தம், 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்து, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறை, மன்மோகன் ஆட்சி. அதன்படி தாய்லாந்திலிருந்து வெள்ளி நகை வந்தால் சுங்கவரி இல்லை. வெள்ளிக் கட்டியாக வாங்கினால் வரி உண்டு, 15 சதவீதமாக இருந்ததை 2024 ஜூலை பட்ஜெட்டில் 6 ஆக்கினார்கள், மோடி ஆட்சி, அது எங்களுக்குப் பெரிய உபகாரம். ஆனால் 6 என்பது பூஜ்யத்தை விட 6 அதிகம். தாய்லாந்து வெள்ளி வெட்டி எடுக்கிற நாடு என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கட்டியாக வர வேண்டியது நகை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தது.

2025 செப்டம்பர் கடைசியில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிப்பு போட்டது, கல் பதிக்காத வெள்ளி நகையை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது, 2026 மார்ச் 31 வரை. டிவியில் இது வரவில்லை. எந்தத் தலைவரும் இதற்காகக் கை குலுக்கவில்லை, யார் தோளிலும் தட்டவில்லை. ஒரு பக்க அறிவிப்பு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

அண்ணனிடம் இன்று காலை சொன்னேன். ஒப்பந்தம், பூஜ்யம், அறிவிப்பு எல்லாம். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பதினஞ்சு வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்டப்ப நம்மள்ல யாரு போயி சொன்னது?" என்றார். எனக்குத் தெரிந்து யாரும் போகவில்லை. பால்காரர்கள் கூட்டம் போட்டார்கள், நாங்கள் போடவில்லை. கொலுசு செய்கிறவனுக்குப் பெரிய சங்கம் என்று சொல்லிக்கொள்ளச் சிலது உண்டு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள்.

மல்கோவா:

அப்போ தலைவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிறதே?

செவ்வாய்பேட்டை பட்டறை:

அப்படிச் சொல்லவில்லைங்க. சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் வீட்டுக்கு வீடு பட்டறை, இத்தனை குடும்பம் பிழைக்கிற தொழிலை, கையெழுத்துப் போடுவதற்கு முன் தேடி வந்து கேட்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை. மன்மோகன் அரசும் வரவில்லை, இப்போது ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022ல் போட்ட ஒப்பந்தத்தில் வெள்ளிக்கான வரி வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறதே, அதற்கும் யாரும் வந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. யார் போனாலும் சுங்க அட்டவணையில் எங்கள் சரக்கு ஒரு ஓரத்தில் இருக்கும். யார் தட்டி எழுப்புகிறார்களோ அவர்கள் சரக்கைத்தான் தலைவர் கண்ணில் காட்டுவார்கள்.

கூலி ஏறுமா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அது ஜி20 கையில் இல்லை, என் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. எடைக்கூலியை ஜோடிக்கூலியாக மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், மெல்லிய கொலுசுக்கு மட்டுமாவது.

ரோலிங் மில் ஓய்வு:

ஜோடிக்கூலி நல்ல யோசனை, அதை முதலில் செய்யுங்கள். அப்புறம் மார்ச் 31க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாட்டை நீட்டிக்கச் சொல்லி இப்போதே மனு போட வேண்டும், பிப்ரவரி கடைசியில் ஓடினால் ஆகாது. மனுவில் "வெள்ளி நகை" என்று பொதுவாக எழுதாதீர்கள், சுங்க எண்ணைப் போட்டு எழுத வேண்டும், 7113 11 என்று ஆரம்பிக்கும். எத்தனை பட்டறை, எத்தனை ஆள், விலை எவ்வளவு வித்தியாசம், பில்லோடு. நான் ஆலையில் இருந்தபோது இந்த மாதிரி மனுக்கள் தட்டச்சு செய்ததுண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஒன்றுமில்லை.

செவ்வாய்பேட்டை பட்டறை:

ஞாயிறு பத்து மணிக்குப் பட்டறைக்கே வாருங்கள் சார். பில் எல்லாம் எடுத்து வைக்கிறேன்.

இருபதாவது வளைவு:

அதே பேப்பரில் காபிக்கும் ஒரு பாரா சேர்க்க முடியாதா?

ரோலிங் மில் ஓய்வு:

அதே அமைச்சகம்தான், ஆனால் வேறு பிரிவு அம்மா, தனியாக எழுத வேண்டும். நீங்களும் கீழே இறங்கி வாருங்கள், வரும்போது கால் கிலோ காபித்தூள்.

அம்மாபேட்டை தறி:

மச்சானையும் கூட்டிக்கொண்டு வரலாமா? இந்த வாரம் அவனுக்கு வியாழன், வெள்ளி, சனி மட்டும்தான் வேலை.

மல்கோவா:

நானும் வருகிறேன். நடராஜரைப் பற்றிப் பேச மாட்டேன்.